தோள்பட்டை ஜவ்வுக் கிழிசல்: ஸ்டெம் செல் ஊசியா, பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

"ஆபரேஷன் வேண்டாம், ஒரே ஊசி போதும்" என்று ஸ்டெம் செல் (பல வகைத் திசுவாக வளரக்கூடிய மூல உயிரணு) சிகிச்சையை விற்கும் விளம்பரங்கள் இப்போது எல்லார் கைபேசிக்கும் வருகின்றன. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஆறு மாதமாகச் சட்டை மாட்டக்கூடக் கையைத் தூக்க முடியாமல் இருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு ஆசை காட்டும் என்பது புரிகிறது. ஆனால் தோள்பட்டை ஜவ்வுக் கிழிசல் என்பது ஒரே நோய் அல்ல. எந்த ஜவ்வு, எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எப்போது கிழிந்தது, அதை இழுக்கும் தசை இன்னும் தசையாக இருக்கிறதா கொழுப்பாகிவிட்டதா என்ற ஐந்தும் தெரியாமல் ஊசியையும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்டெம் செல் ஊசியைத் தனியாகப் போட்டு முழுக் கிழிசலை ஒட்டவைக்கலாம் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அறுவை சிகிச்சையோடு சேர்த்துப் போட்டால் தைத்த ஜவ்வு மறுபடி கிழிவது குறையலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. விற்பவர்கள் பின்னதைக் காட்டி முன்னதை விற்கிறார்கள். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்கேன் அறிக்கையில் பார்க்க வேண்டியது

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளை எலும்போடு கட்டும் ஜவ்வுகள் சேர்ந்து ரொட்டேட்டர் கஃப் என்ற உறையாக அமைகின்றன: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். அதிகம் கிழிவது முதலாவது. அது எலும்பில் ஒட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் இரத்த ஓட்டம் குறைவு. வயது ஏற ஏற அந்த இடம்தான் முதலில் நைந்துபோகிறது.

ஜவ்வின் தடிமன் சுமார் 12 மி.மீ. அதில் ஒரு பகுதி மட்டும் கிழிந்திருந்தால் பகுதிக் கிழிசல். மேலிருந்து கீழ்வரை அறுந்திருந்தால் முழுக் கிழிசல். பகுதிக் கிழிசல் பாதித் தடிமனுக்கு மேல், அதாவது 6 மி.மீ.க்கு மேல் போயிருந்தால்தான் தைப்பதைப் பற்றிய பேச்சே வரும். முழுக் கிழிசலின் அகலம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சிறியது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3 முதல் 5 வரை பெரியது, 5 செ.மீ.க்கு மேல் மிகப் பெரியது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "கூட்டாலியர்" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். தசையில் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை 0 முதல் 4 வரை சொல்லும் அளவு அது. 3, 4 என்று இருந்தால் ஜவ்வை இழுத்துத் தைத்தாலும் பிடிக்கும் வாய்ப்பு குறைவு; கொழுப்பாகிப்போன தசையை மீட்டுக்கொடுக்கும் ஊசியும் இன்னும் வரவில்லை. எக்ஸ்ரேயில் கை எலும்பின் தலைக்கும் அதன் மேலுள்ள எலும்புக் கூரைக்கும் இடைவெளி 7 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அது நாள்பட்ட பெரிய கிழிசல் என்று சந்தேகிக்கலாம். எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. தோள்பட்டை பார்த்துப் பழகிய ஒருவர் செய்யும் அல்ட்ராசவுண்டே முழுக் கிழிசலைக் கண்டுபிடித்துவிடும், செலவும் பல மடங்கு குறைவு. தைப்பதா வேண்டாமா என்ற கட்டத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்காவது ஏதோ ஒரு கிழிசல் இருக்கும், அவர்களில் பலருக்கு வலியே இருக்காது. ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது என்பதற்காக வலி அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. கழுத்து நரம்பு அழுத்தமும் தோளில்தான் வலிக்கும். இன்னொன்று ஃப்ரோசன் ஷோல்டர், தோள் இறுக்கம். தென்னாப்பிரிக்க இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் வரும் வாய்ப்பும் அதிகம். வீட்டிலேயே பார்த்துவிடலாம்: முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கிக்கொள்ளுங்கள், இன்னொருவர் உங்கள் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பட்டும். அவர் திருப்பியும் திரும்பவில்லை என்றால் இறுக்கம். அவர் திருப்பினால் திரும்புகிறது, நீங்களாகத் திருப்ப முடியவில்லை என்றால் ஜவ்வின் மேல் சந்தேகம். இறுகிய தோளுக்கு ஜவ்வு தைப்பதும் ஸ்டெம் செல் போடுவதும் பணத்தைத் தண்ணீரில் கொட்டுவதுதான்.

பயிற்சி

விளம்பரம் இல்லாத சிகிச்சை இது. விற்க எதுவும் இல்லை. அமெரிக்காவில் விபத்தால் வராத முழுக் கிழிசல் உள்ள சுமார் 450 பேரைப் பயிற்சியில் போட்டுக் கவனித்த மூன் குழுவின் ஆய்வில், 2 ஆண்டுகளில் கால்வாசிக்கும் குறைவானவர்களே அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் முதல் 12 வாரத்துக்குள்ளேயே அந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே 12 வாரம் என்பது நியாயமான தவணை. "இதெல்லாம் என்ன பயிற்சி, சும்மா" என்ற எண்ணத்தோடு தொடங்கியவர்கள்தான் அதிகம் கைவிட்டார்கள் என்பதும் அதே குழு சொன்னது. பயிற்சி கிழிசலை ஒட்டவைப்பதில்லை. மீதமுள்ள ஜவ்வுகளையும் தோள்பட்டை எலும்பை நிறுத்தும் தசைகளையும் வேலைக்குப் பழக்கி, கை தூக்கும் பாரத்தை வேறு வழியில் சுமக்க வைக்கிறது.

செய்யும் முறை முக்கியம். முதல் 2 வாரம் அசையாமல் அழுத்தும் பயிற்சி: முழங்கையை விலாவோடு ஒட்டி, கதவு நிலையில் புறங்கையை வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளி 30 முதல் 45 விநாடி நிறுத்துங்கள். 5 முறை, தினமும். அக்குளுக்குள் ஒரு சுருட்டிய துண்டு இருந்தால் ஜவ்வின் இழுவை குறையும். அடுத்து ரப்பர் பட்டை. வெளிப்பக்கம் திருப்புவது, உள்பக்கம் திருப்புவது, பின்னால் இழுப்பது ஆகிய மூன்றும், ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுவரில் கைவைத்துத் தள்ளி, கடைசியில் தோள்பட்டை எலும்பை முன்னால் நீட்டுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 10க்கு 4 அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் எடையைக் குறைக்க வேண்டுமே தவிரப் பயிற்சியை நிறுத்தக்கூடாது.

மிகப் பெரிய கிழிசல் உள்ள முதியவர்களுக்கு வேறு முறை. மல்லாந்து படுத்துக் கையை நேரே மேலே உயர்த்தி, சிறு வட்டமாக ஆட்டுவது. முதலில் வெறும் கை, பிறகு ஒரு சிறு தண்ணீர் பாட்டில், அதன் பிறகு முதுகுக்குத் தலையணை கொடுத்து மெதுவாக நிமிர்ந்த நிலைக்கு வருவது. டெல்டாய்டு தசையின் முன்பகுதியைப் பழக்கும் இந்த முறைக்கு நாளுக்கு 3 முதல் 5 தடவை, 12 வாரம் வேண்டும்.

யாரிடம் கற்றுக்கொள்வது? வலியும் இறுக்கமும் இருக்கும் கட்டத்தில் பிசியோதெரபிஸ்ட். அதன் பிறகு வலுவூட்டும் கட்டத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் பயோகினெட்டிசிஸ்ட் என்று தனித் தொழிலே இருக்கிறது, பலரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டிய அவசியமும் இல்லை. பிரிட்டனில் 708 பேரை வைத்து நடத்திய கிராஸ்ப் ஆய்வு 2021இல் வெளியானது. ஒரே ஒருமுறை நன்றாகச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னவர்களும், பல அமர்வுகளுக்கு வந்து செய்தவர்களும் 12 மாதத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

ஸ்டீராய்டு ஊசியும் பிஆர்பியும்

ஸ்டீராய்டு ஊசி இரவுத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். வழக்கமான அளவு 40 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன் அல்லது டிரையாம்சினோலோன், கூடவே மரத்துப்போக சில மி.லி. லிக்னோகெய்ன். ஜவ்வுக்குள் அல்ல, அதன் மேலிருக்கும் பைக்குள். பலன் சில வாரங்கள். கிராஸ்ப் ஆய்விலும் 8 வாரத்தில் தெரிந்த சிறு நன்மை ஓராண்டில் மறைந்துவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், அந்த வாரம் தினமும் குத்திப் பார்க்க வேண்டும். ஓராண்டில் இரண்டு மூன்றுக்கு மேல் போனால் ஜவ்வு நலியும். அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், அதற்கு முந்தைய மாதத்தில் இந்த ஊசி வேண்டவே வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.

பிஆர்பி என்பது உங்கள் இரத்தத்தையே சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை எடுத்துப் போடுவது. ஸ்டெம் செல் அல்ல. பகுதிக் கிழிசலில் ஸ்டீராய்டைவிட 3 மாதத்தில் சற்று நல்ல பலன் காட்டியிருக்கிறது, ஓராண்டில் வித்தியாசம் தெரியவில்லை. சிலர் இதையே "ஸ்டெம் செல் பிஆர்பி" என்று பெயர் மாற்றிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கையிலிருந்து இரத்தம் மட்டும் எடுத்தார்கள் என்றால் அது பிஆர்பிதான்.

ஸ்டெம் செல் என்ற பெயரில் உடலுக்குள் என்ன போகிறது?

நான்கு வேறுபட்ட பொருட்கள் இந்த ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. எது என்று கேட்காமல் மேலே பேசவே கூடாது.

முதலாவது எலும்பு மஜ்ஜைச் செறிவு. இடுப்பு எலும்பின் பின்பக்க விளிம்பில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் சுமார் 60 மி.லி. மஜ்ஜையை உறிஞ்சி, கால் மணி நேரம் சுழற்றி, 6 முதல் 10 மி.லி. ஆக்கித் தோளில் போடுவார்கள். மஜ்ஜையின் உட்கருவுள்ள செல்களில் நாம் தேடும் வகை 0.001 முதல் 0.01 சதவீதம் மட்டுமே. லட்சத்துக்கு ஒன்றிலிருந்து பத்து. எடுக்கும் கை பழகாத கையானால் அதுவும் கிடைக்காது. பெரிய சிரிஞ்சால் ஒரே இடத்தில் நீளமாக இழுத்தால் மஜ்ஜைக்குப் பதிலாகச் சுற்று இரத்தம்தான் வரும். 10 மி.லி. சிரிஞ்சால், ஊசியின் ஆழத்தையும் திசையையும் மாற்றி மாற்றி, இடத்துக்குச் சில மி.லி. மட்டும் வெடுக்கென்று இழுப்பதுதான் சரியான முறை. இதைக் கேட்டால் செய்பவருக்கு விவரம் தெரியுமா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: வலி தெரியாமலிருக்க லிக்னோகெய்ன், புப்பிவகெய்ன் போன்றவற்றை அந்தச் செறிவோடு கலந்து போட்டால், மருந்தே செல்களைக் கொல்லும். தோலுக்கும் மேல் திசுவுக்கும் மருந்து போடலாம், ஜவ்வுக்குள் போகும் சிரிஞ்சில் அது கலக்கக்கூடாது.

இரண்டாவது கொழுப்பு. வயிற்றிலிருந்து உறிஞ்சிய கொழுப்பைக் கழுவி நுண்ணிய துகளாக்கிப் போடுவது ஒன்று. என்சைம் ஊற்றிக் கரைத்து செல்களைப் பிரிப்பது இன்னொன்று. இந்த என்சைம் வகை மருந்துக்குரிய கட்டுப்பாட்டின் கீழ் வரும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மூன்றாவது, ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிய செல்கள். எடுத்த அன்றே போட முடியாது, வளர்க்கச் சில வாரங்கள் ஆகும். தென்கொரியாவில் இப்படிப் பெருக்கிய கொழுப்பு செல்களைப் பகுதிக் கிழிசல் உள்ள 19 பேருக்கு மூன்று அளவுகளில் (1 கோடி, 5 கோடி, 10 கோடி) போட்டுப் பார்த்த முடிவு 2018இல் வந்தது. அதிக அளவு பெற்றவர்களுக்கு வலி குறைந்தது, கிழிசலின் அளவும் சுருங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் ஒப்பிடுவதற்கு வெற்று ஊசிக் குழு அதில் இல்லை. 2022இல் வந்த சிறிய ஆய்வொன்றில் அப்படிப்பட்ட குழுவையும் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. 10 கோடி செல் என்பதையும், அதே நாளில் எடுத்துப் போடும் மஜ்ஜையில் இருக்கும் சில ஆயிரங்களையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். விளம்பரத்தில் கொரிய ஆய்வைக் காட்டிவிட்டு மேசையில் மஜ்ஜையைப் போடுவது சகஜம்.

நான்காவது தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, எக்சோசோம் (செல்கள் வெளியிடும் நுண்துகள்) என்று குப்பியில் வருவது. இதை வேண்டாம் என்றே சொல்வோம். வேறொருவர் உடலிலிருந்து வந்தது. விற்பனையில் இருந்த பனிக்குட நீர்ப் பொருட்களைச் சோதித்த ஆய்வுகள் உயிருள்ள ஸ்டெம் செல்களைக் காணவில்லை. 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தப் பொருளை மூட்டிலும் முதுகிலும் போட்டுக்கொண்ட 12 பேர் கிருமித் தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், குப்பிக்குள்ளேயே ஈ.கோலை உள்ளிட்ட குடல் பாக்டீரியாக்கள் இருந்தன.

முழுக் கிழிசலில் தனி ஊசி ஏன் எடுபடுவதில்லை என்பதற்குக் காரணம் எளிது. அறுந்த ஜவ்வின் முனை எலும்பை விட்டு 2, 3 செ.மீ. பின்னால் போயிருக்கிறது, தசை அதை இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நடுவே மூட்டுத் திரவம். போட்ட திரவம் ஓட்டை வழியே மேலிருக்கும் பைக்குள் பரவி ஓடிவிடும். செல்கள் எவ்வளவு வல்லமை படைத்தவையானாலும் கயிற்றின் அறுந்த நுனியை இழுத்துக்கொண்டுவந்து கட்டாது. பகுதிக் கிழிசலில் நிலைமை வேறு. ஜவ்வின் ஒரு பக்கம் முழுதாக இருப்பதால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே கிழிசலுக்குள் சரியாகப் போட முடியும். அல்ட்ராசவுண்டு இல்லாமல் கைத்தடவலில் ஊசி போடுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சையோடு சேர்க்கும் கணக்குக்கு வருவோம். பிரான்சில் எர்னிகூ குழு 2014இல் வெளியிட்டது: தைக்கும்போது மஜ்ஜைச் செறிவு பெற்ற 45 பேர், பெறாத 45 பேர். 6 மாதத்தில் ஜவ்வு பிடித்தது முதல் குழுவில் எல்லாருக்கும், இரண்டாவதில் 67 சதவீதத்தினருக்கு. 10 ஆண்டில் அப்படியே நின்றது முதல் குழுவில் 87 சதவீதம், இரண்டாவதில் 44 சதவீதம். எண்கள் அசத்துகின்றன, ஆனால் யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல. பிறகு அமெரிக்காவில் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. ஓராண்டு எம்.ஆர்.ஐ.யில் மறுகிழிசல் மஜ்ஜை பெற்றவர்களுக்குத் தெளிவாகக் குறைவு. வலியிலும் கை வேலையிலும் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஓராண்டுக் கணக்கில் ஸ்கேன் அழகாக இருக்கிறது, நோயாளிக்கு அதே நிலைதான். இளையவருக்கும் பெரிய கிழிசல்காரருக்கும் இது பின்னாளில் பலன் தரலாம். கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பதை அப்படித்தான் எடைபோட வேண்டும்.

தைக்கும்போதே, கூடுதல் பணமில்லாமலும் ஒரு வழி உண்டு. ஜவ்வைப் பொருத்தும் எலும்பிலேயே பல சிறு துளைகள் போட்டால் உள்ளிருக்கும் மஜ்ஜை கசிந்து வந்து கிழிசல் மேல் சிவந்த போர்வைபோல் உறையும். தனிக் கருவியும் இடுப்பு ஊசியும் வேண்டாம், சில நிமிட வேலை. "என் எலும்பில் துளை போட்டு மஜ்ஜை வரவைப்பீர்களா டாக்டர்?" என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

அறுவை சிகிச்சை

விழுந்து அடிபட்டு, அதுவரை நன்றாக இருந்த கை அன்றிலிருந்து தூக்க முடியாமல் போனால் இதுதான் முதல் தெரிவு. 12 வாரப் பயிற்சித் தவணை அங்கே பொருந்தாது. உடனே ஸ்கேன், முழுக் கிழிசல் உறுதியானால் 3 மாதத்துக்குள் தைப்பது நல்லது, முந்தினால் இன்னும் நல்லது. ஸ்டெம் செல் ஊசியின் பெரிய ஆபத்து அதன் பக்கவிளைவு அல்ல. "ஆறு மாதம் பொறுங்கள், வேலை செய்யும்" என்று இந்தக் காலத்தைத் தின்றுவிடுவதுதான். அதற்குள் ஜவ்வு சுருங்கும், தசையில் கொழுப்பு ஏறும், 2 செ.மீ. கிழிசல் தைக்க முடியாத கிழிசலாகும்.

தானாக நைந்து கிழிந்ததில் அவசரமில்லை. பின்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் சுப்ராஸ்பைனேட்டஸ் கிழிசலில் பயிற்சி மட்டும், எலும்புக் கூரையைச் செதுக்கிப் பயிற்சி, தைத்துப் பயிற்சி என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்ததில் ஓராண்டில் மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. நார்வேயில் 103 பேரை 10 ஆண்டு தொடர்ந்தபோது தைத்தவர்கள் மெதுவாக முந்தினார்கள். பயிற்சிக் குழுவில் சிலருக்குக் கிழிசல் வளர்ந்திருந்தது. எனவே 50 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் ஒரே பதில் கிடையாது. கிழிசலே இல்லாமல் எலும்புக் கூரையைச் செதுக்குவது மட்டும் என்றால் மறுத்துவிடலாம்: 2018இல் பிரிட்டனிலும் பின்லாந்திலும் வந்த இரண்டு ஆய்வுகளிலும் அது போலி அறுவையைவிடப் பயன் தரவில்லை.

துளைவழி அறுவையில் 5 மி.மீ. அளவு ஆங்கர்களை எலும்பில் இறக்கி, அவற்றிலிருந்து வரும் நூலால் ஜவ்வைக் கட்டுவார்கள். கத்தி வேலை ஒன்றிரண்டு மணி நேரம், மீள்வதற்கு அரை ஆண்டு. 4 முதல் 6 வாரம் தலையணை வைத்த தொங்கு பட்டை, இரவிலும். அந்தக் காலத்தில் கையைத் தானாக உயர்த்தக்கூடாது, விரலும் முழங்கையும் மட்டும் அசைக்கலாம். 6 வாரத்துக்குப் பிறகு தானாக அசைவு, 12 வாரத்துக்குப் பிறகு எடை, கனமான வேலை 4 முதல் 6 மாதத்துக்குப் பிறகு. தைத்தது பிரிவது பெரும்பாலும் முதல் 3 மாதத்தில். வலி குறைந்துவிட்டதென்று சட்டி பானையைத் தூக்குவதில்தான் பிரியும். இந்த ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். இடது தோள் என்றால் கியர் போட முடியாது. எந்தத் தோளானாலும் தொங்கு பட்டை கழலும்வரை வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள். சாய்வு நாற்காலியில் தூங்க வேண்டியிருக்கும், அதை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மறுகிழிசல் சிறியதில் பத்தில் ஒன்றிரண்டு, மிகப் பெரியதில் பாதி வரைகூடப் போகும். வயது, புகை, கட்டுக்கடங்காத சர்க்கரை மூன்றும் அதைக் கூட்டும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 8க்கு மேல் இருந்தால் அடிபட்ட அவசரக் கிழிசல் தவிர மற்றதற்கு முதலில் சர்க்கரையைக் கீழே கொண்டுவருவதே எந்த ஸ்டெம் செல்லையும்விட ஜவ்வுக்கு நல்லது.

யாருக்கு எது

45 வயது, ஏணியிலிருந்து விழுந்தவர், 2 செ.மீ. முழுக் கிழிசல்: அறுவை சிகிச்சை, தாமதமின்றி. மஜ்ஜை சேர்ப்பது விருப்பம், எலும்பில் துளை போடுவதைக் கேட்டுப் பெறுங்கள்.

62 வயது, தையல் ஆலையில் காலமெல்லாம் கை உயர்த்தி வேலை செய்தவர், சர்க்கரை உண்டு, 1.5 செ.மீ. கிழிசல் மெதுவாக வந்தது: 12 வாரம் பயிற்சி, இரவு வலி தாளாவிட்டால் ஒரே ஒரு ஸ்டீராய்டு. ஸ்டெம் செல் வேண்டாம். 12 வாரத்தில் பாதியாவது தேறவில்லை என்றால் அறுவை மருத்துவரைப் பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டில் கிழிசல் வளர்கிறதா என்று பாருங்கள்.

38 வயது, கிரிக்கெட் பந்து வீசுபவர், 40 சதவீதப் பகுதிக் கிழிசல், 6 மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி: பிஆர்பி, ஸ்டெம் செல் போன்ற ஊசிகளுக்குத் தனியாகக் கொஞ்சமாவது நியாயம் இருக்கும் ஒரே ஆள் இவர்தான். அதிலும் முதலில் பிஆர்பி. மஜ்ஜையோ கொழுப்போ என்றால் முறையான ஆய்வில் சேர்ந்து மட்டும்.

74 வயது, மிகப் பெரிய கிழிசல், கூட்டாலியர் 4: படுத்துச் செய்யும் டெல்டாய்டு பயிற்சி. கை எழவே இல்லை, மூட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் ரிவர்ஸ் மூட்டு மாற்று (பந்தும் கிண்ணமும் இடம் மாறிய செயற்கை மூட்டு). இவருக்கு ஸ்டெம் செல் விற்பவரை நாங்கள் ஏமாற்றுக்காரர் என்றே சொல்வோம்.

பணமும் சட்டமும்

மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதி எண் வாங்குங்கள். நோய்க் குறியீடு எது என்று பாருங்கள்: தேய்மானக் கிழிசல் எம்75.1, அடிபட்ட கிழிசல் எஸ்46.0. இரண்டும் வெவ்வேறு, நடந்ததற்கு மாறான குறியீடு போட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டிவரும். ஆங்கர், மயக்க மருத்துவர், தொங்கு பட்டை எல்லாவற்றுக்கும் எழுத்தில் விலை கேளுங்கள். ஸ்டெம் செல் ஊசிக்குத் திட்டம் பணம் தரும் என்று கிளினிக்கின் வாயால் கேட்டு நம்பாதீர்கள். திட்டத்திடமே எழுதி வாங்குங்கள்.

வேலையிடத்தில் நடந்த விபத்தானால் 1993ஆம் ஆண்டின் 130ஆம் சட்டம், எல்லாரும் கோய்டா என்று சொல்வது. முதலாளி தகவல் தெரிந்த 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுவரை நியாயமான மருத்துவச் செலவு அதில் வரும். அன்றே எழுத்தில் சொல்லிவைக்காமல் "சரியாகிவிடும்" என்று ஒரு மாதம் இழுத்தால் கிழிசல் பழையது என்று சொல்லிவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம், அரசு முதியோர் உதவித்தொகை பெறுபவருக்கு இலவசம். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் போன்ற இடங்களுக்கு உள்ளூர் கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். கடிதத்தில் "விழுந்தபின் திடீரென்று கை தூக்க முடியவில்லை" என்ற வரியும் தேதியும் இருக்கட்டும், காத்திருப்பு வரிசையில் அதுதான் உங்களை முன்னால் நிறுத்தும்.

2003ஆம் ஆண்டின் 61ஆம் தேசிய சுகாதாரச் சட்டம் உங்கள் கையிலிருக்கும் ஆயுதம். பிரிவு 6 பிரகாரம் மாற்று வழிகள், பயன், அபாயம், செலவு, மறுத்தால் என்ன ஆகும் என்பதை எல்லாம், முடிந்தவரை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லியாக வேண்டும். பிரிவு 11 இன்னும் கூர்மையானது: பரிசோதனைக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ தரப்படும் சிகிச்சை என்றால் அதை முன்கூட்டியே தெரிவித்து, நோயாளி, பொறுப்பு மருத்துவர், நிறுவனத் தலைவர், ஆய்வு நெறிமுறைக் குழு ஆகியோரின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். "இது பரிசோதனைச் சிகிச்சையா? பிரிவு 11 படிவத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பரிசோதனை என்றால் ஆய்வுப் பதிவு எண் இருக்க வேண்டும். பரிசோதனை இல்லை என்றால் நிரூபித்த ஆதாரம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பணம் மட்டும் கேட்டால் முடிவு எளிது. மருத்துவரின் பதிவை, தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலர் பதிவுக் கழகமான எச்.பி.சி.எஸ்.ஏ.வின் இணையப் பதிவேடான ஐரெஜிஸ்டரில் பெயர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னைக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிமுறைகள், இரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாட்டை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. முறையான ஆய்வில் பங்கேற்பவரிடம் பணம் வாங்குவதும் இல்லை. அங்கே ஜவ்வு தைத்துக்கொள்வது வேறு விஷயம், நல்ல கைகள் உண்டு. ஆனால் தைத்தபின் வரும் 6 மாதப் பயிற்சியை டர்பனில் யார் பார்த்துக்கொள்வார் என்று முடிவுசெய்துவிட்டு, அறுவைக் குறிப்பையும் ஆங்கர் விவரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் நாளைப் பின்னோக்கி எண்ணட்டும். பூசம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். தைத்த தோளில் 6 மாதத்துக்குள் பாரம் கூடாது என்பதால் ஜூலைக்குப் பிறகு செய்துகொண்டவர் அடுத்து வரும் பூசத்துக்கு எடுக்கக்கூடாது. தைக்காமல் பயிற்சியில் இருப்பவருக்குத் தோளில் வைக்கும் பாரத்தைவிட, அதைப் பிடித்தபடி மணிக்கணக்கில் கையை உயரே வைத்திருப்பதுதான் ஜவ்வை வதைக்கும். தலையில் வைத்த பால்குடத்தை இரு கையாலும் பிடித்து நடப்பதும் அதே கதைதான். நல்ல தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சிறிய குடமாக எடுங்கள், கூட வருபவர் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கோயில்காரர்களிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால் மறுக்கமாட்டார்கள்.